வாயைத் திறக்காதே என்றேன்

கார் என்னுடையது. ஆசிரியர் சம்பளத்தில் பல வருடம் மிச்சம் பிடித்து வாங்கிய பழைய சின்னக் கார். சித்தி மகளின் சடங்குக்காக அம்மாவையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு ஹட்டனிலிருந்து ராகலைக்குப் போனதுதான் நான் ஓட்டிய முதல் தூரப் பயணம். தம்பிக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவன் என் இடப்பக்கம் இருந்தான். அம்மா பலகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்தார்.

நுவரெலியாவில் பெற்றோல் செட்டுக்குள் காரைத் திருப்பினேன். பெற்றோல் அடிக்கிறவர் என் பக்கம் வரவில்லை. சுற்றிக்கொண்டு போய்த் தம்பியின் கண்ணாடியைத் தட்டினார். தம்பி சிங்களத்தில் ஏதோ சொன்னான். அவர் சிரித்தார். பிறகு தம்பி இறங்கியே போய்விட்டான். அவர் டேங்கில் குழாயை வைத்துக்கொண்டிருக்க, இவன் பக்கத்தில் நின்று கிரிக்கெட் பேசினான். அங்கே வேலை செய்த இன்னொருவரும் வந்து சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் மாதிரி தோளில் தட்டிச் சிரித்தார்கள். கிளம்பும்போது யாரும் கேட்காமலே முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டார்கள். எனக்காக அந்தக் கண்ணாடியை ஒருவரும் துடைத்ததில்லை.

"எங்க போனாலும் எம்மகனுக்கு ஆளு இருக்கு" என்றார் அம்மா. அத்தனை வளைவுகளிலும் காரை ஒரு தடவைகூட நிறுத்தாமல் நான் ஏற்றிக்கொண்டு வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சடங்கு வீட்டிலும் அதே கதைதான். சித்தப்பாவிடம் அம்மா கண்ணாடி துடைத்த கதையைச் சொன்னார். நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலை திரும்பும்போது பெற்றோல் முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது. முந்தின நாள் உறவுக்காரர்களை ஏற்றி இறக்கியே பாதி தீர்ந்துபோயிருந்தது. ராகலை டவுன் செட்டுக்குள் நுழையும் முன்பே தம்பியிடம் சொன்னேன்.

"இன்னைக்கு நான் பேசிக்கிறேன். நீ வாயத் திறக்காத."

"சரிக்கா" என்றான்.

ஒரு வயசான மனிதர் வந்தார். நான் கையை வெளியே நீட்டி அவரை என் பக்கமே கூப்பிட்டுக்கொண்டேன். அவர் நீளமாக ஏதோ சொன்னார். அதில் 'பவுசர்' என்பதும், இரண்டு என்று அர்த்தமாகிற 'தெக' என்பதும்தான் எனக்குப் பிடிபட்டன. இரண்டாவது பம்புக்குப் போகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "ஹரி, ஹரி" என்று அவர் மொழியிலேயே சரி சொல்லித் தலையாட்டி, காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

காத்திருந்தோம். மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார், கேட்டார், திரும்பிப் போனார். ஒரு லொறியும் அப்படியே போனது. தம்பி வெளியே கரட், லீக்ஸ் என்று மலைக்கறி மூட்டைகள் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா, இன்னும் அடிக்கலையா?" என்று அம்மா கேட்டார்.

"இப்ப அடிப்பாங்க."

ஒரு மணித்தியாலம் போனது. என் கழுத்து வியர்த்தது. ராகலைக் குளிரில்.

"அவரு என்னடா சொன்னாரு?" என்று கடைசியில் கேட்டேன்.

"பெற்றோல் முடிஞ்சிருச்சாம். பெற்றோல் ஏத்திட்டு வாற பவுசர் வர ரெண்டு மணித்தியாலம் ஆகுமாம்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"நீதானே வாயத் திறக்காதன்னு சொன்ன."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "உனக்கென்னடா! நீ பேசினா எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் சம்பாதிச்சு வாங்கின காரு, ஆனா உன்னத்தான் எல்லாரும் தேடி வாறாங்க."

அவன் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினான்.

"பதினாறு வயசுல கொழும்புக் கடையில கொண்டுபோய் விட்டாங்கக்கா. சொன்னது விளங்கலன்னா முதலாளி கையில இருக்கிறத எறிவாரு. சிரிக்க வச்சா அன்னைக்கு அடி இல்ல. அப்பிடிப் படிச்ச சிங்களம்தான் இது." பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "நீ காலேஜ் வாசல்ல சாரி கட்டிட்டு நின்ன போட்டோவ அம்மா அனுப்பியிருந்தாங்க. பாத்ததும் எரிஞ்சிச்சு. கிழிச்சுப் போட்டேன்" என்றான்.

பின்னால் அம்மா பெட்டியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது அது அல்ல, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்தது சந்தோஷம். இவனும் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறான்!

"நெசமாவாடா? கிழிச்சியா?"

"நாலாக் கிழிச்சேன்" என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். "பைத்தியமா ரெண்டு பேருக்கும்?" என்று அம்மா ஆளுக்கொரு முறுக்கைக் கையில் திணித்தார்.

பவுசர் வந்து இறக்கி முடிய மத்தியானமாகிவிட்டது. அந்த வயசான மனிதர் வந்து மறுபடி ஏதோ கேட்டார். தம்பி முறுக்கைக் கடித்தபடி என்னைப் பார்த்தான். "மட்ட தேருனே நே" என்றேன். எனக்கு விளங்கவில்லை என்று அந்த மொழியில் நான் ஒருவரிடம் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் மெதுவாகத் திரும்பச் சொல்லி, விரலால் காட்டினார். டேங்க் மூடியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.

இப்போது எங்கள் பள்ளிக்கூடத்துச் சிங்கள ஆசிரியையிடம் சனிக்கிழமைகளில் படிக்கப் போகிறேன். மொழி ஆசையில் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். எந்தச் செட்டிலும் நானே கேட்கிறேன், பதிலும் விளங்குகிறது. ஆனால் இதுவரை ஒருவரையும் சிரிக்க வைத்ததில்லை. போன மாதம் நல்லதண்ணி என்ற ஊருக்குப் போகும் வழியில் ஒரு செட்டில் முயன்றும் பார்த்தேன். பெற்றோல் அடித்த மனிதர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுக் குழாயை மாட்டினார். தம்பிக்கு இதை நான் சொல்லவில்லை.