கறுப்புக் கோட்டும் புதுப் பெயின்டும்

கட்டட ஒப்பந்தக்காரர்களுக்காக வழக்காடுவதே என் பிழைப்பு. நான் எழுதும் மறுமொழிகளில் எந்தச் சுவரும் வெடித்ததில்லை. 'மேற்பூச்சில் மெல்லிய கோடுகள்' மட்டுமே தோன்றும். கிருலப்பனையில் என் சொந்த வீட்டுச் சுவரில் அப்படியொரு கோடு விழுந்தபோது மட்டும், "ஐயோ, வீடு போச்சே!" என்று கத்தினேன்.

நீதிபதி இடத்தைப் பார்க்க வருமுன் கட்சிக்காரருக்கு மூன்று விஷயம் சொல்வது என் வழக்கம்: வாய் திறக்காதீர்கள், சிரிக்காதீர்கள், எதிலும் கை வைக்காதீர்கள். வெள்ளவத்தை அடுக்குமாடி வழக்கில் அதைக் கட்டியவர்தான் என் கட்சிக்காரர். முதல் இரண்டையும் அப்படியே கடைப்பிடித்தார், மகராசன்.

வழக்குப் போட்டவர் முதல் மாடியில் இருந்த ஓர் அம்மா. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கொட்டாஞ்சேனை வீட்டை விற்று இதை வாங்கியிருந்தார். வந்த இரண்டாம் வருடமே தரை பிளந்தது. கீழே வாகனத் தரிப்பிடத்தில் அவர் வீட்டைத் தாங்கும் தூண் வெடித்துவிட்டது என்பது அவர் வழக்கு. தரை ஓடுகள்தான் மோசம், தூணுக்கு ஒரு குறையும் இல்லை என்பது எங்கள் பதில். தூண் வெடித்திருந்தால் அவருக்கு வேறு வீடு கிடைக்கும். இல்லையென்றால் நாலு புது ஓடு.

நீதிபதி நிற்கும் இடமெல்லாம் நீதிமன்றம்தான். ஆகவே அந்தப் புழுக்கத்திலும் கறுப்புக் கோட்டோடு கீழே நின்றேன். தூண் பளிச்சென்று இருந்தது. எல்லாத் தூண்களுமே பளிச்சென்று இருந்தன. பேலியகொடையில் மீன் வியாபாரம் செய்யும் ஒருவரின் லொறி பக்கத்தில் நின்றதால், வேறு எந்த மணமும் மூக்குக்கு எட்டவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் சின்னப் பெண். போட்டோவைத் தூக்கிப் பிடித்து, போன மாதம் இங்கே வெடிப்பு இருந்தது என்று மன்றாடினாள். நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வென்றுவிட்ட சொகுசில் நான் தூணில் சாய்ந்தேன். தோளின் பின்பக்கம் சில்லென்றது.

கட்சிக்காரரை ஓரமாக இழுத்தேன். "கை வைக்க வேண்டாம் எண்டு சொன்னேனெல்லோ!"

"நான் வைக்கேல்ல சேர், மேசன்தான் வச்சவர். வெடிப்பைப் பூசி, ஒண்டுக்கு மட்டும் பெயின்ட் அடிச்சா தெரிஞ்சிடும் எண்டு எல்லாத்துக்கும் அடிச்சாச்சு." முகத்தில் பெருமை வேறு.

நீதிமன்றத்தை ஏமாற்றக்கூடாது என்று இளம் வக்கீல்களுக்கு வருடா வருடம் வகுப்பெடுக்கிறவன் நான். அன்று என்ன செய்தேன்? பிளந்த தரையைப் பார்க்க, எல்லோருக்கும் பின்னால் படியேறினேன். அந்த அம்மாவின் ஹோலில் குசினிப் பக்கம் முதுகைத் திருப்பி, நல்ல பிள்ளையாக நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அப்படியே நின்றேன்.

அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. கீழே வரவில்லை, அங்கே நடந்தது எதுவும் தெரியாது. எல்லோருக்கும் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்தவர், என் பின்னால் நின்றுவிட்டார்.

"ஐயையோ தம்பி, நல்ல கோட்டுல பெயின்ட்!" எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார், சபையில் என் மானம் போகக்கூடாதே என்று. "கழட்டித் தாங்க. காயிறதுக்கு முந்தி ஈரத்துணியால தொடச்சா போயிடும்."

தட்டை வைத்துவிட்டுத் துணியை நனைத்தும் வந்துவிட்டார். அவர் வழக்கைக் காப்பாற்றக்கூடிய சாட்சி என் தோளில் இருந்தது. அதைத் துடைக்க அவரே நின்றார்.

அந்த நேரம் பார்த்து நீதிபதி என்னிடம் சிங்களத்தில் கேட்டார், தூணைப் பற்றி உங்கள் தரப்பில் இன்னும் ஏதும் சொல்ல இருக்கிறதா என்று. இல்லை என்று சொல்லச் சொல்லி, கட்சிக்காரர் எனக்குத் தலையை ஆட்டிக் காட்டினார்.

"தொடைக்க வேண்டாம், அன்ட்டி," என்றேன். பிறகு திரும்பி நின்றேன். இருபது வருடத்தில் ஒரு நீதிபதிக்கு நான் முதுகைக் காட்டியது அதுவே முதல் தடவை.

நீதிபதி மறுபடி கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, என் தோளைப் பார்த்தார். அந்த அம்மா மட்டும் ஈரத்துணியோடு கிட்ட வந்து, "காஞ்சா போகாதே தம்பி," என்றார், பெரிய கவலையோடு.