புல் அல்ல, காஸ்மோஸ்

“தங்கச்சி, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு,” என்று பக்கத்து வீட்டுக் குமுதா அக்கா வேலிக்கு மேலாக ஒரு காஸ்மோஸ் பூவிதைப் பாக்கெட்டை நீட்டினார்.

மலாயில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். “நல்லா வெயில் படுற இடத்துல தூவணும். லேசா மண்ணு மூடுனா போதும். உரம் வேணாம்.”

“உரம் வேணாமா? நல்லா பாரு.”

“வேணாம்னுதான் போட்டிருக்குக்கா. மண்ணுல சத்து கூடுனா வெறும் இலையா வருமாம்.”

“இத்தன வருஷம் மலாய் படிச்சு என்னலா புண்ணியம்? பாஜா போடாம எது வளரும்?” உரத்துக்கு அவர் வாயில் மலாய்ச் சொல்தான்.

உள்ளேயிருந்து அவர் கணவர் தேவன் அண்ணன் குரல் கொடுத்தார். “போடு, போடு. நீயே பாஜாவுல வளந்தவதானே!”

“அண்ணன் வாயப் பாரு,” என்று அக்காவும் சிரித்தார்.

குமுதா அக்கா சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் உரம் போடும் வேலைக்குப் போனார். மரத்துக்கு ஒரு பால் டின் அளவு, அதுதான் கணக்கு. திருமணமாகி இங்கே புந்தோங்குக்கு வந்தபின், இருபத்திரண்டு வருடங்களாக ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் கையுறைகளைச் சரிபார்த்து அடுக்குகிறார். சென்ற ஆண்டு தொழிற்சாலை ஆட்களோடு கேமரன் மலைக்குச் சுற்றுலா போனபோது ஒரு சரிவு முழுக்க இளஞ்சிவப்புக் காஸ்மோஸைப் பார்த்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் அப்படி ஒரு வரிசை வேண்டும் என்பது அன்று பிடித்த ஆசை.

வீட்டைச் சுற்றி எங்கும் சிமெண்ட். மண் இருப்பது பின்சந்துச் சாக்கடை ஓரத்தில் மட்டும். அங்கே மாதம் ஒருமுறை நகராட்சிக் கண்ட்ராக்டரின் ஆள் வந்து மிஷினால் புல் வெட்டுவார்.

விதைத்தார். ஊசி ஊசியாக இருந்த விதைகள் ஆறாம் நாள் முளைத்தன. பிறகு பால் டின் வந்தது, மரத்துக்குப் போட்ட அதே அளவோடு. பாதிச் செடிகள் கருகிப் போக, பிழைத்தவை பச்சைப் பசேலென்று இடுப்பு வரை வளர்ந்தன. ஏழு வாரமாகியும் ஒரு மொட்டுகூட இல்லை. “உலாமா இது?” என்று, சோற்றோடு பச்சையாகத் தின்னும் கீரை என்று நினைத்து ஒரு மலாய்க்காரப் பாட்டி பறித்துக்கொண்டு போனார். இடையில் ஒரு மாதம் வராமல்விட்ட மிஷின் அடுத்த வாரம் வந்தது. அக்கா வேலை முடிந்து திரும்பியபோது தண்டுகள் மட்டுமே நின்றன.

சண்டைக்குப் போவார் என்று நினைத்தேன். “அவன் என்ன பண்ணுவான்? பூ இல்லன்னா புல்லுதான்லா,” என்றார். பிறகு, கொஞ்சம் மெதுவாக, “பாக்கெட்டு சொன்னது சரிதான்,” என்றார்.

அதே சந்தில் கொஞ்சம் தள்ளி, வெறும் மணலும் சரளையுமாக இருந்த இடத்தில் மறுபடியும் விதைத்தார். முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டார். ஆனால் பூக்க ஏழு வாரமாவது ஆகும். மிஷின் நாலாம் வாரமே வந்துவிடும். அக்கா ஒரு வேலை செய்தார். சாமி மேடையில் இருந்த பிளாஸ்டிக் மாலையைப் பிரித்து, செடிக்கொரு பூவாகக் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அன்று நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். வந்தவர் மிஷினை நிறுத்தினார். குனிந்து ஒரு பூவை முகர்ந்தார். தனியே சிரித்துவிட்டு, அந்த வரிசையைச் சுற்றிக்கொண்டு வெட்டினார்.

ஏழாம் வாரம் நிஜப் பூக்கள் வந்தன. தேவன் அண்ணன்கூடக் கைப்பேசியில் படம் பிடித்தார். அக்கா பூக்களைப் பறிக்கவில்லை. காய்ந்து விதை உதிரும்வரை விட்டார். மழைக்குப் பிறகு, சாக்கடை ஓரமாக எங்கள் வீட்டுப் பின்பக்கம் வரை குட்டிச் செடிகள் கிளம்பிவிட்டன.

அன்று மாலை அக்கா வேலியருகே வந்து நின்றார்.

“தங்கச்சி, எனக்கு இந்த மாசம் பூரா பகல் ஷிப்ட். அவன் வந்தா நீ வெளிய போய்ச் சொல்லணும், இதெல்லாம் பூச்செடின்னு. கிட்டப் போய், சத்தமாச் சொல்லும்மா. மிஷின் இரைச்சல்ல உன் குரல் கேக்காதுலா.”