தங்கேஸ் அக்கா காட்டிய கோபே

தங்கேஸ் அக்கா போய்விட்டார். விடியப்புறம் அவரது மகள் போன் பண்ணிச் சொன்னாள்...

போன ஞாயிறுதான் கோயிலில் கண்டேன். என் தலைக்கு அடித்த கலரைப் பார்த்துவிட்டு, "இதென்ன கோலமடி" என்று ஒரே பகிடி.

தொண்ணூறுகளில் நானும் அக்காவும் சிசிலியில், போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் ஒரே அறை. வேலையும் ஒரே கட்டடம், வியா மக்வேதா தெருவுக்குப் பக்கத்தில். நான் மூன்றாம் மாடியில் கிளீனிங். அக்கா இரண்டாம் மாடியில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவைப் பார்த்துக்கொண்டார். சின்யோரா என்றுதான் கூப்பிடுவோம்.

சின்யோராவுக்கு ஒரே மகன். ஜப்பானில், கோபே நகரத்தில், கப்பல் திருத்தும் இடத்தில் எஞ்சினியர். அவன் அனுப்பிய டூரிஸ்ட் படப் புத்தகம் ஒன்று எப்போதும் மேசையில் இருக்கும். கோப்பி குடிக்க யார் வந்தாலும் கோபேயைச் சுற்றிப் பார்க்காமல் தப்ப முடியாது!

சின்யோராவுக்குக் கண் மங்கிய பிறகு படம் காட்டிக் கதை சொல்லும் வேலை அக்காவின் தலையில் விழுந்தது.

அவரது இத்தாலியன் அரைகுறைதான். ஆனால் வாய் ஓயாது. முதலில் துறைமுகம்... ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கப்பலை உள்ளே விடாமல் வைத்திருந்து, பிறகு திறந்துவிட்டதால் ஊர் எப்படிப் பணக்கார ஊர் ஆனது என்ற கதை. அதற்குப் பிறகு மலையடியில் வெள்ளைக்காரர் கட்டிய வீடுகள், சிவப்புக் கோபுரம், கப்பல் கட்டும் தொழில், அரிசியில் வடிக்கும் மது.

மலைக்கு அந்தப் பக்கம் வெந்நீர் ஊற்று. "எங்கள் கன்னியா வெந்நீர்க் கிணறு மாதிரி" என்று சிசிலிக்காரருக்கு விளக்கம் வேறு!

மாட்டிறைச்சிப் பக்கம் வந்தால் மட்டும் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுவார். அக்கா சுத்த சைவம். கோபே மாட்டிறைச்சிக்குப் பேர்போன ஊர் என்பது வந்தவர்களுக்குத் தெரியவே தெரியாது.

தொண்ணூற்றைந்து ஜனவரி. கோபேயில் பூகம்பம்.

டிவியில் பெரிய மேம்பாலம் ஒன்று பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. போன் லைன் கிடைக்கவில்லை. சின்யோரா போனுக்குப் பக்கத்துக் கதிரையை விட்டு எழும்பவே இல்லை.

அடுத்த நாளும் ஒரு செய்தியும் இல்லை...

அதற்கு அடுத்த நாள் அயல் வீட்டுப் பெண்கள் இருவர் கறுப்பு உடுத்திக்கொண்டு படியேறி வந்தார்கள். ஒருத்தி கையில் சூப் சட்டி, மற்றவள் கையில் ஒரு தட்டு பாஸ்தா. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அயலவர்தான் சாப்பாடு கொடுக்கவேண்டும். இந்த விஷயத்தில் சிசிலியும் யாழ்ப்பாணமும் ஒன்று. பாவம், நல்ல மனசோடுதான் வந்தார்கள்.

நான் படி துடைத்துக்கொண்டு நின்றேன். அக்கா கதவை மறித்து நின்றுவிட்டார். நீங்கள் வரலாம், சாப்பாடு வராது என்று சட்டியையும் தட்டையும் வெளியிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். அவர்களுக்கு முகம் சுருங்கிப்போனது.

அக்கா என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ஆரடி சொன்னது இது செத்த வீடெண்டு? உள்ளுக்கை கறி கொதிக்குது."

உண்மைதான். வெங்காயம் வதங்கும் வாசம் கீழ் மாடி வரைக்கும் வந்தது.

இருவரையும் உட்காரவைத்து, கோப்பி கொடுத்து, டிவியை நிறுத்திவிட்டு, புத்தகத்தைத் திறந்தார். துறைமுகம், கோபுரம், மலையடி வீடுகள், வெந்நீர் ஊற்று... எல்லாம் நேற்றுப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி. ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். அக்கா நிறுத்தவில்லை.

சின்யோரா கதிரையில் இருந்தபடியே மெல்லக் கேட்டார், மாட்டிறைச்சியைக் காட்டினாயா என்று. அன்றைக்குத்தான் அக்கா அந்தப் பக்கத்தையும் காட்டினார்.

மறுநாள் பின்னேரம் போன் வந்தது. மகன் உயிரோடு இருக்கிறான்! கை முறிந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறானாம். சின்யோரா கத்தின கத்து மூன்றாம் மாடிக்குக் கேட்டது. நான் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது கேட்டேன், அந்தச் சாப்பாட்டில் ஏன் அக்கா அவ்வளவு பிடிவாதம் என்று. நடந்தபடியே சொன்னார்:

"இவர் சண்டை நேரம் கிளாலியாலை கடல் கடக்கப் போய், ஒரு செய்தியும் இல்லாமல் இருக்கேக்கை எங்கடை வீட்டுக்கும் சோறு கொண்டு வந்தவை. நான் வாங்கிச் சாப்பிட்டிட்டன், பிள்ளை."

தன் கணவரைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னிடம் கதைத்ததில்லை. அந்த மனிசனின் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

அக்கா... உங்கள் மகளுக்குக் கொண்டுபோகச் சோறு வடித்து வைத்திருக்கிறேன். தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டத்தான் கால் வருகுதில்லை.

போயிட்டு வாங்கோ அக்கா.