முகவரி யார் பேரில்

ஹாஜி அபூ ஸுல்தான் கோப்பையை வாய்வரை கொண்டுபோய், குடிக்காமல், எதிரே இருந்த மேசைமேல் வைத்தார். காப்பிக் கெண்டியோடு நின்ற ஃபவாஸ் அடுத்தவருக்கு ஊற்றாமல் நிறுத்திக்கொண்டான். ஹாஜியோடு வந்த பதினோரு ஆண்களும் முழங்காலில் கைவைத்துக் காத்திருந்தார்கள்.

"ஃபவாஸ், நாங்க ஒன்னு கேட்டு வந்திருக்கோம். அது நடக்கிற வரைக்கும் உன் வீட்டுக் காப்பி எங்களுக்கு வேண்டாம்."

சமையலறைக் கதவிடுக்கில் நின்று நுஹா இதைக் கேட்டாள். பெண் கேட்கவும் பகை தீர்க்கவும் விபத்துக்கு மன்னிப்புக் கேட்கவும் ஊரில் ஒரு பெரிய மனிதரை முன்னால் விட்டு ஆண்கள் திரண்டு வருவதற்கு ஜாஹா என்று பெயர். அண்ணன் ஃபவாஸ் வீட்டுக்கு ஜாஹா வருகிறது என்பது அன்று மத்தியானம் அண்ணி ஏலக்காயைத் தட்டச் சொன்னபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. யார் வீட்டில் யாருக்குக் கால் முறிந்தது என்று கேட்டாள். உன் விஷயமாகத்தான் என்றாள் அண்ணி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஹாஜி கோரிக்கையைச் சொன்னார். நுஹாவின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கான இணையதள வேலை அவள் சித்தப்பா மகன் ஐஹம் கையிலேயே இருக்க வேண்டும். வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது. காவல் நிலையம், வழக்கு என்று யாரும் போகக் கூடாது. குடும்பத்து அழுக்கைக் குடும்பத்துக்குள்ளேயே வெளுத்துக்கொள்வதுதான் மரியாதை. சித்தப்பா தலையை ஆட்டினார். கதவோரம் கடைசி நாற்காலியில் ஐஹம் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

நுஹாவுக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இர்பித் நகரத்துப் பெண்களில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. பதினேழு வயதில், பள்ளத்தாக்கிலிருந்து தக்காளி ஏற்றி வரும் அப்பாவின் பிக்கப்பில் அவளே கற்றுக்கொண்டாள். பதினைந்து வருடம் அடுத்தவர் பள்ளிகளில் பயிற்சியாளராக இருந்தாள். ஏழு வருடத்துக்கு முன் தன் பேரில் உரிமம் வாங்கி, மூன்று வெள்ளைக் கார்களும் இரண்டு பெண் பயிற்சியாளர்களுமாகப் பெண்களுக்கென்று சொந்தப் பள்ளி தொடங்கினாள். அதற்குத் தமஹ்ஹலி என்று பேர் வைத்தாள். அரபியில் பெண்பிள்ளையைப் பார்த்து 'மெதுவா' என்று சொல்வது. ஒரு நாளைக்கு இருநூறு தடவை அவள் வாயில் வருவது அந்தச் சொல்தான். பயிற்சியாளர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. மாணவிகள் அவளை மிஸ் என்பார்கள். அவர்களுடைய அம்மாக்களும் மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்களிலும் பலர் அவளிடம் படித்தவர்கள்.

நாலு வருடத்துக்கு முன், பெருநாள் விருந்தில் ஆட்டுக்கறியும் சோறுமாக மன்ஸஃப் தட்டு நடுவில் இருக்க, பள்ளிக்கு ஓர் இணையதளம் வேண்டும், நல்ல ஆள் யாராவது தெரியுமா என்று கேட்டுவிட்டாள். சித்தப்பா சோற்றுருண்டையை வாயில் போடாமல் நிறுத்தினார்.

"நம்ம ஐஹம் கம்ப்யூட்டர் படிச்சிட்டு வீட்ல இருக்கான். நீ தெருவுல ஆள் தேடுறியாம்மா?"

அந்த உருண்டை அவர் தொண்டையில் இறங்குவதற்குள் ஆள் தேர்வு முடிந்துவிட்டது. கார் வாங்கும்போது அட்டையை விரித்து அடியில் படுத்துப் பார்த்தவள் நுஹா. பயிற்சியாளர் எடுப்பதென்றால் மூன்று நாள் பின்சீட்டில் உட்கார்ந்து வேவு பார்ப்பாள். ஐஹமிடம் ஒன்றையும் கேட்கவில்லை. இதற்குமுன் என்ன செய்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. எழுதிக் கொடு என்று கேட்கவில்லை. சொந்தக்காரனிடம் காகிதம் கேட்பது அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம். நமக்குள்ளே என்ன என்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை நிலம் போயிருக்கிறது, எத்தனை கடை போயிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அடுத்த பெருநாளுக்கு அதையேதான் சொல்வார்கள்.

ஐஹமும் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். என்ன கலர் பிடிக்கும் என்று. யார் படிக்க வருகிறார்கள், என்ன தேடி வருகிறார்கள், வீட்டில் யார் சம்மதிக்க வேண்டும், எதற்கும் அவனுக்கு ஆர்வமில்லை. தளம் வந்தது. முதல் பக்கத்தில் சிவப்புக் கார். அதில் பொன்னிற முடி பறக்க ஒரு வெள்ளைக்காரி. ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தது. இர்பித்தில் எல்லாரும் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள். கார் ஓட்டச் சொல்லித்தருகிற பள்ளியின் முகப்பிலேயே ஸ்டியரிங் தப்பான பக்கம். ஒரு மாணவியின் அம்மா போன் செய்து, எந்த நாட்டுக்கு அனுப்ப மிஸ் பழக்குகிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தாள். படத்தை மாற்றச் சொன்னபோது ஐஹம் பொறுமையாக விளக்கினான்.

"அது டிசைன்க்கா. உங்களுக்குப் புரியாது."

பதினான்கு மாதம் அந்த வெள்ளைக்காரி அங்கேயே உட்கார்ந்து ஓட்டினாள். சேர விரும்பும் பெண்கள் நிரப்பும் படிவம் ஐஹமின் அஞ்சலுக்குப் போனது. அவன் வாரத்துக்கு ஒருமுறை பார்த்தான். அதற்குள் அவர்கள் வேறு பள்ளியில் கிளட்ச் மிதிக்கத் தொடங்கியிருப்பார்கள். அவள் திட்டவில்லை. சித்தப்பா மகன்.

இந்த ஜூனில்தான் வேறு ஆள் பார்த்தாள். மூன்று பேரைப் பார்த்தாள். மூவரிடமும் ஒரே கேள்வி. நாளைக்கு உன்னை வேண்டாம் என்று சொன்னால் என் கையில் என்ன மிஞ்சும்?

தலைநகர் அம்மானில் கண்ணாடி அறையில் இருந்தவன் சிரித்துவிட்டு, ஒரு மருத்துவமனைக்குச் செய்த தளத்தில் அவள் பள்ளியின் பேரை ஒட்டிக் காட்டினான். ஒரு பக்கத்து மூலையில் ஸ்டெதஸ்கோப் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத் தெருக்காரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன மிஸ், நிக்காஹ் முடியறதுக்கு முன்னாலயே தலாக் பேசுறீங்க?" என்றான். மூன்றாமவள் ஸிரீன். ஹுஸ்ன் ஊர்க்காரி, இருபத்தொன்பது வயது, அப்பாவின் இரும்புக்கடை மாடியில் வேலை செய்கிறவள். அவள் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதினாள். தளத்தின் முகவரி, அதன் பாஸ்வேர்டு, படங்கள், மாணவிகள் பட்டியல். நாலும் உங்கள் பேரில் இருக்க வேண்டும், நான் போனாலும் இருக்கும் என்றாள். பிறகு இரண்டு நாள் பயிற்சிக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, பெண்கள் என்ன கேட்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று குறித்துக்கொண்டாள். பயிற்சியாளர் பெண்தானா என்று பார்க்கத்தான் அம்மாக்கள் தளத்துக்கு வருகிறார்கள், அதனால் முதல் பக்கத்தில் உங்கள் மூன்று பேர் முகமும் இருக்கட்டும் என்றாள். நாலு வருடத்தில் ஐஹமுக்குத் தோன்றாதது.

அப்போதும் நுஹா முறை தவறவில்லை. ஒரு தட்டு குனாஃபா இனிப்பு வாங்கிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்கே போய், ஐஹமுக்கு நன்றி சொல்லி, இனி வேறு ஆளிடம் கொடுக்கப்போவதை மெல்லச் சொன்னாள். அவர்கள் குனாஃபாவைச் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் தளம் மூடிக்கிடந்தது. பராமரிப்புப் பணி என்று ஒரே ஒரு வரி. ஸிரீன் தேடிப் பார்த்துச் சொன்னாள்: முகவரி ஐஹமின் பேரில் பதிவாகியிருக்கிறது. முதல் நாளிலிருந்தே.

மூன்று கார்களின் ஆறு கதவுகளிலும் அந்த முகவரி இருந்தது. நாலு வருடம் அது ஊரெல்லாம் ஓடியிருக்கிறது. பள்ளி இறுதித் தேர்வு முடிவு வரும் வியாழக்கிழமை. அதற்கடுத்த பத்து நாளில்தான் வருடத்தின் பாதி மாணவிகள் சேருவார்கள். தேறிய பெண்ணுக்கு அப்பா கொடுக்கும் பரிசு ஓட்டுநர் பயிற்சிதான். இந்தப் பத்து நாள் முகவரி இல்லாமல் போனால், இரண்டு பயிற்சியாளர்களில் ஒருத்தியைக் குளிர்காலத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். அவள் ஐஹமிடம் போனில் கேட்டாள். அவன் சொன்னது இது: பேர்தான் நீங்கள் வைத்தது, முகவரி என்னுடையது. அப்படியானால் காவல்துறையிடம் போகிறேன் என்று அவள் சொன்னாள். அதற்குத்தான் இந்த ஜாஹா. அவன் பிடித்துவைத்திருப்பதைப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வந்து அவளிடம் கேட்கிறார்கள்.

"குடிங்க ஹாஜி" என்றான் ஃபவாஸ். "நீங்க கேட்டது கிடைச்சாச்சு."

சொன்ன வேகத்திலேயே தெரிந்தது, இதெல்லாம் முன்பே போனில் பேசி முடித்தது என்று. ஹாஜியின் கை கோப்பையை நோக்கிப் போனது. நுஹா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். சிலர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஃபவாஸ் தலையசைப்பால் உள்ளே போகச் சொன்னான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"ஹாஜி, கார்ல அடிபட்ட வீடுகளுக்கு நீங்க எத்தனை ஜாஹா கூட்டிட்டுப் போயிருப்பீங்க?"

"எண்ணிப் பாத்ததில்ல மகளே. முன்னூறு இருக்கும்."

"அடிபட்டவன் உயிரோட அங்கயே உக்காந்திருந்தா, கோப்பையை யார் முன்னால வைப்பீங்க?"

"அவன் முன்னாலதான்."

"அப்புறம் இதை ஏன் எங்கண்ணன் முன்னால வச்சீங்க? அவருக்கு ஒரு கீறல்கூட இல்லையே."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். ஃபவாஸ் கெண்டியைக் கீழே வைத்தான்.

"இன்னொன்னு. அந்த வீட்டுக்குள்ள போனதும் முதல் வார்த்தை என்ன சொல்லுவீங்க?"

அந்த அறையில் எல்லாருக்கும் அது தெரியும். எங்கள் ஆள் இடித்தான், தப்பு எங்கள்மேல் என்பார்கள். அதைச் சொல்லாமல் எந்த ஜாஹாவும் வாய் திறந்ததில்லை.

"அதை இன்னைக்கு யாரும் சொல்லல" என்றாள் நுஹா.

சித்தப்பா குறுக்கிட்டார். நமக்குள்ளே இடித்தது என்ன, இடிபட்டது என்ன, கம்ப்யூட்டரில் ஒரு படம் பிடிக்கவில்லை, அவ்வளவுதானே என்றார். ஹாஜி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். படம் பிடிக்காத கோபம் என்றுதான் தன்னிடமும் சொன்னார்கள் என்றார். பிறகு கதவோரம் பார்த்தார்.

"தம்பி, இவ பள்ளிக்கூடத்து முகவரி இப்ப யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்ல ஹாஜி."

"கொடுன்னு கேட்டாளா?"

"கேட்டாங்க."

"இடிச்சியா, இல்லையா?"

ஐஹம் அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார். நாலு வருடம் உழைத்திருப்பதாகவும், யாரும் தன்னை மதிக்கவில்லை என்றும், குனாஃபா கொண்டுவந்து வேலையைப் பறித்தார்கள் என்றும் சொன்னான். கடைசியில், "நான் யாரையும் இடிக்கல" என்றான்.

ஹாஜி எழுந்துவிட்டார். "இடிக்காதவனுக்கு எதுக்கு ஜாஹா?" என்று அங்கியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் எழுந்தார்கள். மேசையில் அந்த ஒரு கோப்பை நிறைந்தபடி இருந்தது. சித்தப்பா கடைசியாகப் போனார். வாசலில் திரும்பி, குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டாய் என்றார்.

ஃபவாஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாத்தா காலத்திலிருந்து இந்த வீட்டில் காப்பி குடிக்காமல் ஒரு ஜாஹா திரும்பியதில்லை என்றான். ஊருக்கு இனி எப்படி முகம் காட்டுவேன் என்றான்.

"உன்கிட்ட கேக்காம உன் காரை எடுத்து நான் ஒருத்தனுக்குக் கொடுத்தா, நீ ஊரைப் பத்தி யோசிப்பியா?"

"அது வேற."

"என்ன வேற? சொல்லு."

அவனிடம் இருந்தது கோபம்தான், அது ஆணின் கோபம் என்பதால் பதிலைவிடப் பெரியதாக வீட்டில் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அண்ணி கோப்பைகளை எடுக்க வந்து எடுக்காமல் நின்றாள்.

நுஹா வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். ஹாஜி நியாயம் பேசினார். முகவரி வரவில்லை. காவல்துறைக்குப் போகலாம். ஆனால் காகிதத்தில் அவன் பேர் இருக்கிறது, மாதக்கணக்கில் இழுக்கும் என்று ஸிரீன் முன்பே சொல்லியிருந்தாள். தேர்வு முடிவு வர ஐந்து நாள்தான் இருந்தது. அவளே தேடி வைத்த பேர், அவள் வாயிலிருந்து வந்த பேர், அந்தப் பேரில் இருக்கும் முகவரியை அவனிடமே விட்டுவிட வேண்டும். வண்டியை எடுத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்கு மூன்று கார்களையும் தொழிற்பேட்டையில் பெயின்டரிடம் கொண்டுபோனாள். ஆறு கதவுகளிலும் முகவரியைச் சுரண்டி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் எட்டு மணிக்கு ஸிரீனின் கடை மாடியில், நுஹாவின் அடையாள அட்டையை வைத்து, நுஹாவின் அஞ்சலில், புது முகவரி ஒன்றைப் பதிவு செய்தார்கள். பாஸ்வேர்டை நுஹாவே தட்டினாள். ஸிரீன் அந்த நேரம் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளியின் பேரோடு ஊர்ப் பேரையும் சேர்க்க வேண்டியிருந்ததால் முகவரி நீளமாகிவிட்டது. பெயின்டர் எழுத்தைச் சிறிதாக்கினான். தளம் புதன்கிழமைதான் திறக்கும் என்றாள் ஸிரீன். அதுவரை கதவில் போன் நம்பர் மட்டும் பெரிதாக இருக்கட்டும் என்று முடிவானது. ஃபவாஸ் கூப்பிடவில்லை. சித்தப்பா வீட்டிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள், அவள் எடுக்கவில்லை. பத்து மணியிலிருந்து ஆறு பெண்களுக்கு வகுப்பு. நாலாவது பெண் பின்னோக்கி எடுக்கும்போது நடைபாதை விளிம்பில் ஏற்றிவிட்டாள். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசி வகுப்பு ஐந்தரைக்கு முடிந்தது.