கிளட்ச் இல்லாத லாரி

பம்பாய் தாராவியில் தோல் ஏற்றிப்போகும் தமிழர்களில் சொந்த லாரி வைத்திருந்தவர் மாசானம். மற்றவர்கள் சேட்டுகளின் லாரியைத்தான் ஓட்டினார்கள். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட பழைய பெட்ரோல் லாரி அது. பதனிட்ட தோலைத் துறைமுகத்துக்கும், துறைமுகத்துச் சரக்கைச் செம்பூருக்கும் பதினெட்டு வருஷம் அதில் கொண்டுபோனார். ஒரு நாளும் வேறொருவர் கையில் ஸ்டீரிங்கைக் கொடுத்ததில்லை. அவர் காய்ச்சலில் படுத்தால் லாரியும் படுத்துவிடும்.

அறுபத்து நாலாம் வருஷம், மழை தொடங்குகிற சமயம், செம்பூரில் சரக்கு இறக்கும்போது ஒரு காஸ்டிக் சோடா பீப்பாய் உருண்டு அவருடைய இடது முழங்கால்மேல் ஏறியது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எலும்பு கூடிவிட்டது, முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. கோல் ஊன்றி நடக்க முடிந்தது. கிளட்ச் மிதிக்கத்தான் முடியவில்லை. காலைத் தூக்கி வைத்தால் தொப்பென்று விழும். மெல்ல விட வேண்டிய இடத்தில் சட்டென்று நழுவும். மூன்று மாதம் மழையில் நின்ற லாரியின் எஞ்சினும் தண்ணீர் இறங்கி இறுகிப் போயிருந்தது.

சயான் பக்கம் தகரக் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக் கலீலுல்லா மேலப்பாளையத்துக்காரர். பழைய எஞ்சினைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இது செத்துப்போச்சுவே. குர்லாவுல ரெண்டு எஞ்சின் பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு டீசல். அதுக்கு உண்டான கியர் பாக்ஸோடயே வருது. ஊரெல்லாம் இப்ப அதத்தான் மாட்டுதான். குடிக்கது கொஞ்சம், இழுக்கது நெறைய."

"இன்னொண்ணு?"

"அது எதுக்கு உமக்கு? அமெரிக்கக் கார் எஞ்சின். எவனோ தொர விட்டுட்டுப் போனது. பெட்ரோலத் தண்ணியாக் குடிக்கும். கியரும் ஆட்டோமேட்டிக். கிளட்ச்சே கெடையாது. அதுவாவே மாத்திக்கிடும்."

மாசானத்தின் கையிலிருந்த டீ கிளாஸ் பாதியில் நின்றது.

"கிளட்ச்சே கெடையாதா பாய்?"

சொல்லியிருக்கக் கூடாது என்று கலீலுல்லாவுக்கு அப்போதுதான் தோன்றியது. நாலு பேர் சவாரி போகிற காருக்குச் செய்த கியர் அது, ஐந்து டன் ஏற்றினால் எண்ணெய் கொதித்துப் போகும், கண்டாலா மலை இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தாது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். மாசானம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"மல எனக்கு வேண்டாம் பாய். அஞ்சு டன்னும் வேண்டாம். ரெண்டு டன் ஏத்திக்கிட்டு ஊருக்குள்ளயே ஓட்டுதேன். டீசலப் போட்டா எவன் ஓட்டுவான்? நீரு ஓட்டுவீரா?"

"மச்சினன் இருக்கான்லா, வடாலாவுல."

"அவன் ஓட்டுனா அது அவன் லாரி."

இரண்டு மாதம் வேலை நடந்தது. அடிச்சட்டத்தில் புதிதாக இரும்புத் தாங்கி வைத்து வெல்டிங் செய்து, அமெரிக்க எஞ்சினை உட்கார வைத்தார் கலீலுல்லா. கிளட்ச் பெடலை அறுத்து எடுத்தார். வலது கால் வழுக்கினாலும் தப்பாமல் இருக்கட்டும் என்று மாசானம் கேட்டுக்கொண்டதால், அந்தக் காரில் இருந்தது போலவே பிரேக்குக்கு அகலமான தகடு வைத்துக் கொடுத்தார். மாசானம் தினமும் வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். கொட்டகையில் வேலை செய்தவர்கள், "என்ன அண்ணாச்சி, இனிமே தொரதான்!" என்று கேலி செய்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

புது எஞ்சினோடு மாட்டுங்கா கோயிலுக்குப் போய்ப் பூஜை போடுவது என்று முடிவாயிற்று. அவருடைய மனைவி சீனியம்மாள் காலையில் இட்லி வியாபாரத்தைச் சீக்கிரமே முடித்துவிட்டு, பித்தளைத் தட்டில் தேங்காயும் கற்பூரமும் பூவும் எடுத்துக்கொண்டு வந்தாள். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அவள் அந்த லாரியில் ஏறியதில்லை. சேலையைத் தூக்கிச் செருகி, கதவைப் பிடித்து ஏறி உட்கார்ந்ததும், "இம்புட்டு ஒசரமா?" என்றாள்.

"ஏளா, கெட்டியாப் புடிச்சிக்க. வண்டி பறக்கும்."

"பறக்க வேண்டாம். உருண்டாப் போதும்."

லாரி உருண்டது. அவர் வலது காலை ஆக்ஸிலரேட்டரில் வைத்ததும் தானே கியர் மாறி, தானே வேகம் பிடித்தது. இடது கால் ஒரு வேலையும் இல்லாமல் ஓரமாகக் கிடந்தது. மாசானம் மனைவியை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

கோயிலுக்கு இன்னும் இரண்டு தெரு இருந்தது. ஒரு கைவண்டி குறுக்கே வந்தது. தூரத்தில்தான் வந்தது, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும். பதினெட்டு வருஷம் செய்ததைப் போலவே, கியரைக் குறைப்பதற்காக, அவருடைய இடது கால் தானாக எழுந்து தொப்பென்று கிளட்ச்மேல் விழுந்தது. கிளட்ச் அங்கே இல்லை. அகலமான பிரேக் தகடு இருந்தது. லாரி சுவரில் முட்டியது போலச் சட்டென்று நின்றது. கால் எதன்மேல் கிடக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

சீனியம்மாள் முன்னால் போய் இரும்புச் சட்டத்தில் மோதினாள். தட்டைக் காப்பாற்ற நீட்டிய வலது கை மணிக்கட்டோடு மடங்கிற்று.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் வழுக்கி விழுந்ததாக அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டாள் அவள். இட்லி வியாபாரம் நின்றது. கட்டு அவிழ்த்த பிறகு மணிக்கட்டு நேராகவில்லை. ஆட்டுரல் குழவியைச் சுற்ற அந்தக் கையால் ஆகாது என்பது இருவருக்கும் தெரிந்தது.

கலீலுல்லா வீட்டுக்கே வந்தார்.

"பிரேக்கச் சின்னதா வெட்டிருதேன். நடுவுல ஒரு தடுப்பு வைக்கேன். வேணும்னா கால சீட்டோட வாரப் போட்டுக் கட்டிக்கிடும்."

"அதான சரி," என்றாள் சீனியம்மாள் உள்ளேயிருந்து. "கட்டிக்கிட்டு ஓட்டுங்க. எனக்கு ஒண்ணும் வலிக்கல."

மாசானம் உணர்ச்சியில்லாத காலைக் கையால் தூக்கி நீட்டி வைத்தார். பிறகு, "காலக் கட்டிப்புடலாம், புத்தியக் கட்ட முடியுமா பாய்? நாளைக்கி ஒரு கைவண்டிக்காரன் இன்னும் பக்கத்துல வந்தாலும் பிரேக் புடிக்கணும்னு எனக்குத் தோணாது. மொதல்ல கிளட்ச்சத்தான் தேடுவேன்," என்றார். "வீட்டுல இருக்கவளாப் போனதுனால குழாயடின்னு சொல்லிட்டா. ரோட்டுல போறவன் சொல்லுவானா? டீசலயே மாட்டும். கிளட்ச்சோட."

சீனியம்மாள் அப்போதுதான் அழுதாள். கட்டுப் போட்ட அன்றுகூட அவள் அழவில்லை.

"நீங்க சும்மா இருந்தா என்ன ஆவீயன்னு எனக்குத் தெரியும். மாட்டச் சொல்லாதிய," என்றாள். அவர் கோலை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சிவராத்திரி கழிந்து நாலாம் நாள் டீசல் லாரி வந்து நின்றது. வடாலாவிலிருந்து சீனியம்மாளின் தம்பி தங்கபாண்டி குளித்துத் திருநீறு பூசி வந்திருந்தான். நெடுநெடுவென்று வளர்ந்தவன். ஏறி உட்கார்ந்ததும் தலை கூரையில் இடித்தது. மாசானம் குள்ளம், உயரத்துக்காக சீட்டின்மேல் வைக்கோல் அடைத்த சாக்குத் திண்டு ஒன்றைப் போட்டிருந்தார். தங்கபாண்டி யோசிக்காமல் அதை உருவி ஜன்னல் வழியாக வெளியே போட்டான். போட்ட பிறகுதான் கீழே நின்றவரைப் பார்த்தான்.

"அத்தான், நான் தெரியாம…"

"தல இடிச்சா என்ன செய்வ," என்றார் மாசானம். குனிந்து திண்டை எடுத்தார். அதில் அவர் உட்கார்ந்த பள்ளம் இருந்தது. தூசி தட்டி, வீட்டு நிலைப்படிக்கு உள்பக்கமாக வைத்தார். சீனியம்மாள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

கோலை லாரிக்குள் எறிந்துவிட்டு, மாசானம் இரண்டு கையாலும் பிடித்து இடது பக்கக் கதவு வழியாக ஏறினார். ஏற வெகுநேரம் ஆயிற்று. தங்கபாண்டி உதவ வரவில்லை. வரக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"போவமா அத்தான்?"

"ஓட்டுதவன் நீ. எங்கிட்ட எதுக்குடே கேக்க?"

தங்கபாண்டி கிளட்ச்சை மிதித்தான். பிறகு வண்டியைக் கிளப்பினான்.