கையால் திருப்பாதவர்

பிலிமத்தலாவையில் அந்தப் போட்டோ ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டர் மவுஸை ஆணியில் தொங்கவிட்டிருந்தார். பழைய பிலிம் ஸ்கேனரிடம் கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் வேலை வாங்குவார். ஒவ்வொரு முறையும் என்டரை அழுத்துமுன் விரலைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

அம்மாவின் கல்யாணத்தில் எங்களுக்கு மிஞ்சியது ஒரேயொரு நெகட்டிவ். அதை ஸ்கேன் செய்தபோது அம்மாவின் வலப்பக்க மூக்குத்தி இடப்பக்கம் போயிருந்தது.

"பிலிமைப் புறம் மாத்தி வச்சிட்டீங்க அண்ணே. எடுத்துத் திருப்பி வைங்களேன்."

"எதுக்குங்க? கட்டளை எழுதியே திருப்பிடுவோம்."

சோற்றுப் பார்சல் ஆறிப்போகும்வரை தட்டினார். அம்மா தலைகீழானாள், பச்சையானாள், கடைசியில் சரியாக வந்து நின்றாள்.

பிரிண்டைத் தலைகீழாக நீட்டினார். நான் கையாலேயே திருப்பிக்கொண்டேன். ஏதோ கள்ளவழியில் காரியத்தை முடித்துவிட்டவனைப் போல என்னைப் பார்த்தார்.