செதியா என்றால் நாற்காலி

தியாகராய நகரில் இத்தாலிய மொழி சொல்லித்தரும் அந்த மையம், படிக்க வரும் பெண்களை மனிதர்களாகவே நினைப்பதில்லை. வேளச்சேரி ரயிலில், அங்கே படிக்கும் ஒரு பெண்ணின் நோட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். ராயப்பேட்டையில் ஆயா வேலை. கொண்டையில் பேனா செருகியிருந்தார். இத்தாலியில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மறுநாள் நேர்காணலாம். "செதியா, செதியா" என்று சொல்லிச் சொல்லி, உட்கார்ந்திருந்த ரயில் சீட்டைத் தட்டினார்.

"என்னங்க அது?" என்று கேட்டேன்.

"நாற்காலி, அக்கா. நாற்காலியத் தொடைக்கிறேன், நாற்காலி கொண்டாறேன், நாற்காலில உக்காருங்க, அல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. நான் உக்கார்றத மட்டும் சொல்லித் தரல. நானே போன்ல தேடி எழுதிகினேன்."

"மி சியெதோ சுல்லா செதியா" என்று படித்துக் காட்டினார். நாற்காலியில் உட்காருகிறேன் என்று அர்த்தமாம். அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள்.

"மிஸ்ஸு அடிச்சிட்டாங்க. இத்தச் சொன்னா சோம்பேறின்னு நெனைச்சு வேலை தரமாட்டாங்களாம்."

"நாளைக்குச் சொல்லுவீங்களா?"

"இங்க நின்னு நின்னே காலு வீங்கிப் போய்கீது. அங்கயும் நிக்கிறதுக்கா பிளேன் ஏறணும்?" என்று சிரித்தார்.

சொன்னாரா, தெரியாது. மையம் நடத்துகிறவர்களே, அந்த வரியில் என்ன தப்பு? உங்கள் வாசல் பலகையில், ஊரே படிக்கிற மாதிரி பதில் எழுதுங்கள்.